மைனஸும் மைனஸும் பிளஸ் ஆவது எப்படி?

முழுக்கள் (…, −2, −1, 0, 1, 2, … என்ற எண்கள்) கணக்குச் சொல்லித் தரும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்பதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் −5 − 3 என்ற கணக்குக்கும் பிள்ளைகள் 8 என்று எழுதிவிடுகிறார்கள்.

5 − (−3) ஐ எடுத்துக்கொள்வோம். 5-க்குள் எடுப்பதற்கு −3 எங்கே இருக்கிறது? பிள்ளை திகைப்பது நியாயம்தான். இங்கேதான் பூச்சியத்தைக் கூப்பிட வேண்டும். 3-ம் −3-ம் ஒன்றுக்கொன்று கூட்டல் நேர்மாறு, சேர்ந்தால் 0. ஆகவே 5 என்பதை 5 + 3 + (−3) என்று எழுதலாம், மதிப்பு மாறாது. இப்போது −3 கண்ணுக்குத் தெரிகிறது. எடுத்துவிட்டால் மிச்சம் 5 + 3, அதாவது 8. ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் கூட்டல் நேர்மாறைக் கூட்டுவதும் ஒன்று என்பதற்கு இவ்வளவுதான் காரணம். எனக்கு இது இன்றைக்கும் அவ்வளவு அழகாகத் தெரிகிறது!

−7 − (−4) இன்னும் எளிது. ஏழு −1-களில் நான்கை எடுத்தால் மூன்று மிச்சம்: −3.

அப்புறம், இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே பிளஸ் எண்ணைச் சொத்து, மைனஸ் எண்ணைக் கடன் என்று வைத்து இதை எழுதியிருக்கிறார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து என்பது அவர் விதி. 0 − (−3) = 3 என்பது அதுதானே. பிள்ளைகளிடம் அவர் பெயரையும் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு −5 − 3 ஐயும் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். இங்கே கழிக்கப்படுவது 3. அதன் நேர்மாறு −3. எனவே −5 + (−3) = −8.