குரவை பழகும் நாட்கள்

மே 6
புது நாடகத்தில் எனக்குப் பதினொரு வசனங்கள்தாம். அவற்றைப் பற்றிக் கவலையில்லை. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும் காட்சியில் குரவையிட வேண்டுமாம்; பெண்கள் நாக்கை அசைத்து எழுப்பும் மங்கல ஒலி. மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குக் குரவை வராது. கலியாண வீடுகளில் கூட்டத்தோடு வாயைக் குவித்து நின்று சமாளித்தவள் நான். ஒலிப்பதிவைப் போட்டுவிடலாமே என்றேன். "நாக்கு அசைவது தெரிய வேண்டும்" என்றார் நெறியாளர்.

மே 9
செட்டிபாளையம், பெரியம்மா வீடு. "வாயைக் குவி மகள். ஊ என்று உச்சத்தில் பிடி. நாக்கு நுனி இரண்டு கடைவாயையும் தொட்டுத் தொட்டு வர வேண்டும். தாடை அசையக் கூடாது." சொன்னபடியே சுட்டுவிரலை என் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அசையும்போதெல்லாம் ஒரு குத்து. எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பிபோல ஒரு சத்தம் வந்தது.

மே 13
விடியற்காலையில் பழைய கல்லடிப் பாலம். வீட்டில் பழகினால் என்ன விசேஷம் என்று அயலவர்கள் வந்துவிடுகிறார்கள். பிழை இன்றுதான் பிடிபட்டது: நாக்கை மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொண்டையால் கத்தினால் உடனே கரகரக்கிறது. குரலை உச்சந்தலைக்கு ஏற்றி மெல்லிய காற்றாக விட்டால் நாக்கு பக்கவாட்டில் ஓடுகிறது. ஒரே மூச்சில் ஒன்பது விநாடி! தோணியில் வலை வீசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எங்கே தங்கச்சி கலியாணம்?" என்றார்.

மே 14
சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையும் இதுதானே என்றாள் காத்தான்குடி முஸ்லிம் தோழி. அது கைகோத்து ஆடும் கூத்து. வாயால் இடும் இது வேறு. ஆனால் அவர்களுடைய கலியாண வீட்டுக் குரவையும் எங்களுடையதும் ஒன்றுதான். அவளுக்கு அது சிறுவயதிலேயே வந்துவிட்டதாம். எரிச்சல்.

மே 21
ஒத்திகை. ஒன்பது விநாடியையும் பெருமையோடு காட்டினேன். "இது கலியாண வீட்டுக் குரவை. இவள் கணவனை இழந்தவள். பழக்கத்தில் தொடங்கிவிட்டு, நினைவு வந்து நிறுத்துகிறாள்" என்றார் நெறியாளர். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நிறுத்திப் பார்த்தேன். மின்சாரம் போனதுபோல இருந்தது.

மே 24
மறுபடியும் செட்டிபாளையம். எப்படி நிறுத்துவது என்று கேட்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது: பெரியம்மா இத்தனை நாளும் விரலாலும் சொல்லாலுமே பழக்கினார். ஒருமுறையேனும் குரவையிட்டுக் காட்டவில்லை. பெரியப்பா போய்ப் பதினாறு வருடங்கள். கோயிலில் மற்றப் பெண்கள் குரவையிடும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "வாயை மூடிக்கொள்வேன். நாக்கு நிற்காது மகள். உள்ளே ஓடும்."

ஜூன் 1
உதட்டை மூடி, நாக்கை ஓடவிட்டேன். சத்தம் மூக்கில் ஏறித் தேய்ந்தது; கன்னம் மட்டும் துடித்தது. நெறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. ஒளியை என் முகத்தில் இன்னும் சற்றுநேரம் விடும்படி ஒளியமைப்பாளரிடம் சொன்னார்.

மாலையில் பெரியம்மாவுக்கும் செய்துகாட்டினேன். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தாடை அசைகிறது" என்று விரலைக் கொண்டுவந்தார்.