டேப் கேட்டது மெமரி அல்ல

மன்னார்குடியில் பயிர்க்கடன் வழங்கும் ஓர் அலுவலகத்தின் பேக்கப் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. சம்பா பருவத்தில் சிட்டா, அடங்கல் நகல்கள் ஸ்கேன் செய்யப்பட்டுச் சிறு சிறு கோப்புகளாகக் குவிவதால், அவற்றை டிஸ்க்கிலிருந்து படிக்கும் வேகம் சரிந்துவிடும். விநாடிக்கு 160 எம்பி வரை எழுதக்கூடிய எல்டிஓ-6 டேப் டிரைவ் (காந்த நாடாவில் தரவைப் பதியும் கருவி), தரவு வராமல் நின்று, பின்னோக்கி ஓடி, மறுபடியும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இதனால் நேரம் வீணாவதோடு டேப்பும், அதில் எழுதிப் படிக்கும் ஹெட்டும் தேயும்.

அதைச் சரிசெய்தது சுலபமாகவே முடிந்தது. கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் டார் நிரலுக்கும் டிரைவுக்கும் இடையே, தரவைத் தேக்கி அனுப்பும் எம்பஃபர் நிரலை வைத்து, அதற்கு மெமரியில் 4 ஜிபி பஃபர் (தேக்க இடம்) ஒதுக்கி, அது 80 சதவீதம் நிறைந்த பிறகே எழுதத் தொடங்குமாறு அமைத்து, பிளாக் அளவை (டேப்பில் ஒரே துண்டாக எழுதப்படும் தரவின் அளவு) டாரின் இயல்பான 10 கேபியிலிருந்து 256 கேபிக்கு உயர்த்தினேன்.

தொல்லை மீட்டெடுப்புச் சோதனையில்தான் ஆரம்பித்தது. பிளாக் அளவு மாறியதைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களுக்கு மின்னஞ்சலில் முன்பே தெரிவித்திருந்தேன். ஆனாலும் அவர்கள் எழுதித்தந்த ஸ்கிரிப்டை ஓட்டியதும் ‘கேனாட் அலகேட் மெமரி’ (மெமரி ஒதுக்க இயலவில்லை) என்று திரையில் வந்து நின்றுவிட்டது. தொலைபேசியில் அந்த வரியை நான் படித்து முடிப்பதற்குள், “சார், ராம் பத்தலை, 16 ஜிபி கூட்டிப் போடுங்க” என்று அவர்களுடைய பொறியாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சர்வரில் இருந்த 32 ஜிபியில் பாதிக்குமேல் காலியாக இருப்பதை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. ராம் கூட்டாமல் புகாரை மேலிடத்துக்கு அனுப்ப இயலாதாம். தஞ்சாவூரில் விசாரித்த கடைகளில் சர்வருக்கான, பிழை திருத்தும் ஈசிசி வகை ராம் இல்லாததால், அடைமழையில் திருச்சிவரை பஸ்ஸில் போய் வாங்கிவந்து பொருத்தினேன். அதே வரி, அதே இடத்தில் வந்தது.

விடை, லினக்ஸில் டேப் டிரைவை இயக்கும் மென்பொருளான எஸ்டி டிரைவருக்கான கையேட்டுப் பக்கத்தில் இருந்தது. டேப்பில் உள்ள பிளாக்கைவிடச் சிறிய அளவில் படிக்கக் கேட்டால், டிரைவர் ‘இநோமெம்’ என்ற பிழைக்குறியைத் திருப்பித் தருகிறது. அதுவே திரையில் மெமரித் தட்டுப்பாடாகத் தெரிகிறது. ஒப்பந்தக்காரர்களின் ஸ்கிரிப்ட் 64 கேபியில் படித்துக்கொண்டிருந்தது. டார் கட்டளையில் பிளாக்கிங் எண்ணை 512 ஆக்கியதும் (ஒவ்வொன்றும் 512 பைட், ஆக 256 கேபி) கோப்புகள் யாவும் வந்துவிட்டன.

எழுதும் பக்கத்தில் பிளாக் அளவை உயர்த்துபவர்கள் படிக்கும் பக்கத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள். அந்த அளவைக் கார்ட்ரிட்ஜின் லேபிளிலும் எழுதிவையுங்கள். டிரைவ் மாறும் பிளாக் முறையில் (பிளாக் அளவு நிலையாக இல்லாத முறை) இருந்தால், பெரிய அளவில் கேட்கும்போது சிறிய பிளாக் கொண்ட பழைய டேப்புகளும் படிக்கும், மறுதலையாக நடக்காது.

புது ராமைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும் என்று பஃபரை 8 ஜிபியாக்கிப் பார்த்தேன். டிஸ்க் தரும் சராசரி வேகம் மாறாததால் பேக்கப் முடியும் நேரமும் மாறவில்லை.