14 அங்குலக் குழலும் பிரெய்ரி நாய்களும்: இதுவரை கற்றது

கைத்துப்பாக்கியால் 200 கஜத்தில் பிரெய்ரி நாய் என்கிற, வளையில் வாழும் ஒரு சின்னப் பிராணியைச் சுடலாம் என்று சொன்னால், கதை விடுகிறான் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சினிமாவில் இடுப்பிலிருந்து உருவுகிற சாமானைத்தான் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். நான் வைத்திருப்பது வேறு ரகம். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. நடுவில் மடக்கித் திறந்து, கையால் தோட்டாவை வைத்து மூட வேண்டும். மேலே ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. ரைஃபிளின் குழலை வெட்டிப் பிடி வைத்தது என்றே சொல்லலாம்.

இந்த வகைக்கு வயது அதிகம். ரெமிங்டன் எக்ஸ்பி-100 வந்தது 1963-ல், .221 ஃபயர்பால் தோட்டாவோடு. 1967-ல் வாரன் சென்டர் வடிவமைத்த தாம்சன்/சென்டர் காண்டெண்டர் வந்தது. அதில் குழலை மட்டும் கழற்றி வேறு குழல் மாட்டிக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது அதன் பின்வந்த ஜி2, .223 ரெமிங்டன், 14 அங்குலக் குழல். பழைய காண்டெண்டரில் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலைச் சுடாமல் மெல்ல இறக்கிவிட்டால், மறுபடி திறந்து மூடினால்தான் திரும்ப இழுக்க முடியும். ஜி2-வில் அந்தத் தொல்லை இல்லை. பிராணி வளைக்குள் போய்விட்டது, சுடாமல் இறக்கி வைக்கிறோம் என்பது அடிக்கடி நடப்பதால், இது பெரிய சௌகரியம்.

முதலில் ரேஞ்சில் மேஜை மீது வைத்துப் பழகினேன். இங்கே நேரத்தைத் தின்றது ஸ்கோப். கையை நீட்டிப் பிடித்தால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஒன்றரை அடி வரை இடைவெளி இருக்கும். அதற்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும். நான் போட்டிருப்பது 3-12 மடங்கு. குறைந்த மடங்கில் எல்லாம் சுகம். 12-க்குத் திருப்பினால் தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் இருண்டுவிடுகிறது. வெயில் நேரத்தில் தரையிலிருந்து எழும் அனலும் சேர்ந்து ஆடும். 12 மடங்குக்குக் காசு கொடுத்துவிட்டு இப்போது 8-லேயே வைத்திருக்கிறேன், மனசுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

அடுத்தது துப்பாக்கியை எதன் மீது வைப்பது என்பது. குழல் நேராக மணல்பையில் படக்கூடாது, குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டைதான் படவேண்டும். அதிலும் தினமும் ஒரே இடம். முன்கட்டையின் திருகுக்குக் கீழே பை இருக்கும்போது ஒரு இடத்தில் விழுகிற குண்டு, பையை ஓர் அங்குலம் முன்னே தள்ளினால் வேறு இடத்தில் விழுகிறது. முன்கட்டையின் அடியில் வெள்ளை நாடா ஒட்டி, பையின் விளிம்பை அதோடு சேர்த்து வைக்கிறேன். பிடியை இறுக்கிப் பிடிக்காமல், சுட்டதும் துப்பாக்கி தன் போக்கில் மேலே துள்ள விடுகிறேன். இந்த இரண்டும் படிந்த பிறகு 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகள் சேர ஆரம்பித்தன. இன்னொன்று, குழல் குட்டை என்பதால் சத்தம் பயங்கரம். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதை மூடும் மஃப், இரண்டும் வேண்டும்.

சுடப் போவது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒருவர் மாடு மேய்க்கும் சொந்த நிலத்தில். அங்குள்ள கறுப்புவால் பிரெய்ரி நாய் பெயருக்குத்தான் நாய், அணில் குடும்பம். பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் ஓரடி உயரம், உடல் அகலம் மூன்று நான்கு அங்குலம்.

போனில் அப்பா கேட்டார்: "அணிலைச் சுட்டு என்னடா பண்ணப் போற? திங்கவா?"

"இல்லப்பா. மாட்டுக்குப் புல் மிஞ்ச மாட்டேங்குதாம்."

"அப்ப எலிக்கு மருந்து வைக்கிற மாதிரின்னு சொல்லு."

மருந்தும் வைக்கிறார்கள், ஓட்ஸில் ஜிங்க் பாஸ்பைடு கலந்து. சுட்டு ஒரு குடியிருப்பைக் காலி செய்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு இல்லை. பிளேக் புகுந்தால்தான் அது ஒட்டுமொத்தமாகக் காலியாகும். தெள்ளுப்பூச்சி வழியே மனிதருக்கும் அந்த நோய் வரும் என்பதால் செத்ததைக் கையால் தொடுவதில்லை.

எங்கே சுடலாம் என்பதையும் பார்க்க வேண்டும். கீரி மாதிரி இருக்கும் கருங்கால் ஃபெரெட் இந்தப் பிராணியைத் தின்றுதான் வாழ்கிறது. அற்றே போய்விட்டது என்று நினைத்திருந்த அது, 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்ஸி அருகே மறுபடி கிடைத்தது. பின்பு அதைக் கொண்டுவந்து விட்ட இடங்களில் ஒன்று இதே மாநிலத்தின் கொனாட்டா படுகை. அங்கே பிரெய்ரி நாயைச் சுடத் தடை. வளைகளில் ஆந்தையும் குடியிருக்கும். வளை வாயில் எது நின்றாலும் பைனாகுலரில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விசையில் விரல்.

களத்தில் தூரம் பிரச்சினையே இல்லை. லேசர் தூரமானி சொல்லிவிடும். 55 கிரெய்ன் குண்டு குட்டைக் குழலிலிருந்து வினாடிக்கு 2,850 அடி வாக்கில் கிளம்புகிறது. 200 கஜத்தில் குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால் 300 கஜத்தில் ஒன்பது பத்து அங்குலம் தாழும். ஸ்கோப்பின் திருகைத் திருப்பி அதைச் சரிக்கட்டிவிடலாம். காற்றைத்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 200 கஜத்தில் குண்டை ஐந்து அங்குலம் நகர்த்தும்; 300-ல் ஓரடிக்கு மேல். ஐந்து அங்குலம் என்றாலே பிராணி முழுசாகத் தப்பிவிட்டது என்று அர்த்தம், அல்லது காயம்பட்டு வளைக்குள் போய்விட்டது என்று. இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமவெளியிலோ 10 மைல் என்பது அமைதியான காலை.

அதனால் என் எல்லை 250 கஜம், அதுவும் புல் அசையாத காலையில். பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தால் 150. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் 400, 500 என்று பேசுகிறார்கள். கனமான குண்டும் நீண்ட குழலும் இருந்தால் சாத்தியம்தான். ஆனால் எத்தனை தப்பின என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து ஈயமில்லாக் குண்டுக்கு மாறப் பார்க்கிறேன். செத்ததைப் பருந்துகள் வந்து தின்கின்றன, ஈயத்துகளும் வயிற்றுக்குள் போகிறது. புதுக் குண்டு வேறு எடை, வேறு நீளம். அதே இடத்தில் விழாது. குறியையும் தாழ்வுக் கணக்கையும் 100 கஜத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.