நான் சொல்வதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த டிபி செய்தி

ஆறு மாதம் டிபி மாத்திரை போடுவதைவிட, எனக்கு டிபி என்று அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனாலும் டிபி நோயாளி என்று என் பெயரைப் பதிந்த அந்தக் கவுண்டரை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கழுத்தில் நெறி கட்டியது, ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள், டிபி என்று வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "நுரையீரலில் இல்லைம்மா, உன்கிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது, மாத்திரையை மட்டும் விடாமல் போடு" என்றார் டாக்டர். அதுவரை எல்லாம் சுலபம்.

அப்போது வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் நாலு இடத்துக்குப் போயிருந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு டிபி வந்து முழுசாகக் குணமான பிறகும், அந்த வீட்டில் பெண் எடுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். காய்ச்சல் என்று சொன்னாலே அம்மா ராத்திரி தூங்க மாட்டார். அப்பாவும் நானும் போனில் சம்பளம் வந்ததா, பஸ் ஏறிவிட்டாயா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. இதைப் போனில் சொல்ல வாய் வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

டிபி என்று உறுதியானால் தனியார் மருத்துவமனையும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012 முதல் அது கட்டாயம். அதில் எனக்கு வருத்தமே இல்லை, மாத்திரை இலவசமாகக் கிடைத்ததும் அப்படிப் பதிந்ததால்தான். டிபி நோயாளிகளுக்கான அரசின் 'நிக்சய்' இணையப் பதிவில் பெயர் ஏற்றுகிற இடத்தில் ஹாஸ்டல் முகவரியை எழுதிக் கொடுத்தேன். "ஆதார்ல இருக்கறதைத்தான் போடுவோம்" என்றார் அங்கே இருந்தவர். ஆதாரில் இருப்பது மதுரைப் பக்கம் எங்கள் ஊர் முகவரி. நான் சென்னையில்தான் இருக்கிறேன், மாத்திரையும் இங்கேதான் வாங்கப் போகிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று கெஞ்சினேன். "வீட்டுல சொல்லாம டிபிக்கு மருந்து சாப்பிடப் போறியா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, ஆதார் முகவரியையே ஏற்றினார்.

விளைவு, என் விவரம் எங்கள் ஊர்ப் பக்கத்து அரசு டிபி பிரிவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீடு தேடி வந்து, என் பெயரைச் சொல்லி, டிபி மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா, வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டிருக்கிறார். வீட்டில் இருப்பவர்களை விசாரிப்பது அவர் வேலை. ஆனால் எதிர்வீட்டு அத்தையும் அங்கே நின்றிருந்தார்.

அம்மா போன் செய்தபோது முதலில் பேசவே இல்லை. அப்புறம், "மூணாம் மனுஷி வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது: "கொஞ்ச நாளைக்கு ஊருக்கு வராதே." நோய் என்று தெரிந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சரி, வராதே என்றாலும் போனேன். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நான் எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை, நான் சின்னப் பெண், எனக்கு என்ன தெரியும். கடைசியில் டாக்டரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பக்கத்துல உக்காந்து சாப்பிடலாங்களா?" தாராளமாகச் சாப்பிடலாம் என்றார் டாக்டர். அன்று ராத்திரி அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அம்மாவுக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. சொல்லத் திணறுகிறவர்கள் டாக்டரைப் பேச வையுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நடுவில் இன்னொரு கலவரம். மாத்திரை போடப் போடக் கழுத்துக் கட்டி பெரிதானது. மருந்து கேட்கவில்லை, நாட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று சித்தி கிளம்பிவிட்டார். இந்த வகை டிபியில் சிகிச்சையின் நடுவே கட்டி வீங்குவது உண்டு, அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை என்று டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதும் மாத்திரையால்தான். இரண்டையும் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், பாதிப் பயம் குறையும்.

பதிவு செய்யும்போது முகவரியையும் போன் நம்பரையும் அவர்கள் என்ன ஏற்றுகிறார்கள் என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் தங்கியிருக்கும் ஊருக்கே பதிவை மாற்ற முடியும், விடாமல் கேளுங்கள். டிபிக்கான அரசின் இலவச உதவி எண் 1800-11-6666. டிபி நோயாளிகளுக்கு அரசு தரும் சத்துணவுக்கான பணம், 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பர் முதல் 1,000 ஆனது, நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கில் அப்பாவின் போன் நம்பர் இருந்தால் மெசேஜும் அவருக்குத்தான் போகும். எந்தக் கணக்கைக் கொடுக்கிறோம் என்று யோசித்துக் கொடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்வதா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. சொல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். போன வாரம் அந்தப் பேச்சு வந்தபோது அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "குணமாயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்க இருக்கு? எங்கிட்ட குடு, கேக்கறவங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.