பாய்லர் ஹவுஸ் நாட்குறிப்பு: ஸ்டீம் டேபிளும் பயிற்சிப் பையனும்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் சாயப்பட்டறை பாய்லருக்கு டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் பயிற்சிக்கு வந்திருக்கிறான். ஸ்டீமைப் பல லைன்களுக்குப் பிரிக்கும் பெரிய குழாயான ஹெடரில், அழுத்தம் காட்டும் கேஜின் முள் 7 பாரில் நின்றது. "ஸ்டீம் என்ன சூட்டில் இருக்கும், ஸ்டீம் டேபிள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லு தம்பி" என்றேன். எந்த அழுத்தத்தில் ஸ்டீமின் சூடு, வெப்பம், கன அளவு எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லும் அட்டவணை அது. 7 பார் வரிசையில் விரலை வைத்து "165 டிகிரி சார்" என்றான்.

எல்லாரும் முதலில் சறுக்கும் இடம் இதுதான். கேஜ் காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேலே இருப்பதை மட்டும். புத்தகத்தில் இருப்பது முழு அழுத்தம். 1.013 பார் கூட்டிக்கொண்டு 8 பார் வரிசைக்குப் போனால் 170.4 டிகிரி. (கேஜ் கிலோவில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று இருந்தால் முதலில் 0.98-ஆல் பெருக்க வேண்டும். பழைய கேஜ்கள் பாதி அப்படித்தான்.)

ஜூன் 4, புதன்

இன்று என்தால்பி, அதாவது ஒரு கிலோ தண்ணீரோ ஸ்டீமோ தன்னிடம் வைத்திருக்கும் வெப்பக் கணக்கு. 8 பாரில் கொதிநிலைத் தண்ணீருக்குக் கிலோவுக்கு 721 கிலோஜூல். அதை முழுக்க ஆவியாக்க இன்னும் 2047. இரண்டும் சேர்ந்து 2768. சாய மெஷினைச் சூடாக்கும் சுருள் குழாயான காயிலில் நமக்கு வேலை செய்வது அந்த நடு எண் 2047-தான், உள்ளுறை வெப்பம்.

"அப்படின்னா எதுக்கு சார் பிஆர்வி போட்டு பிரஷரைக் குறைக்கிறோம்?" பிஆர்வி என்பது அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. நல்ல கேள்வி. 4 பார் வரிசையைக் காட்டினேன்: உள்ளுறை வெப்பம் 2133. அழுத்தம் ஏற ஏற சூடு கூடும், உள்ளுறை வெப்பம் குறையும். 220.64 பாரில், 374 டிகிரியில், அது பூஜ்யமே ஆகிவிடும். சாயத் தொட்டிக்கு 4 பாரின் 143.6 டிகிரியே தாராளம்.

அப்புறம் டேபிளில் கன அளவு போட்டிருக்கும் பத்தி. 8 பாரில் ஒரு கிலோ ஸ்டீமுக்கு 0.240 கன மீட்டர், 4 பாரில் 0.462. பிஆர்வி தாண்டியதும் பைப் ஏன் பெரிதாகிறது என்று அவனே சொல்லிவிட்டான்.

ஜூன் 5, வியாழன்

8 பாரின் உள்ளுறை வெப்பம் அவன் புத்தகத்தில் 2046.5, என் போனில் 2047-க்கு மேல். எது சரி என்று சண்டை. பழைய புத்தகங்கள் பழைய சூத்திரத்தில் போட்டவை. 1997-இல் தொழிற்சாலைக் கணக்குகளுக்குப் புதுச் சூத்திரம் வந்தது. பாய்லர் ஹவுஸில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. ஒரே கணக்கில் இரண்டு புத்தகத்தைக் கலக்காமல் இருந்தால் சரி.

ஜூன் 6, வெள்ளி

பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஃபீட் டேங்கின் மேல் திறப்பில் புகை மாதிரி ஸ்டீம். "ட்ராப் எல்லாம் லீக்குங்க" என்றார் ஆபரேட்டர் அண்ணன். ஸ்டீமைப் பிடித்துவைத்து, குளிர்ந்து தண்ணீரான கண்டென்சேட்டை மட்டும் வெளியே விடுவதுதான் ட்ராப்; அந்தத் தண்ணீர் இந்த டேங்குக்குத் திரும்பி வருகிறது. ட்ராப் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும். 8 பார் கண்டென்சேட்டில் 721 இருக்கிறது. திறந்த டேங்கில் 100 டிகிரித் தண்ணீர் வைத்துக்கொள்ளக்கூடியது 419. மிச்சம் 302-ஐ அங்குள்ள உள்ளுறை வெப்பம் 2257-ஆல் வகுத்தால் 0.134. அந்த லைனில் வரும் நூறு கிலோவில் 13 கிலோ ஃப்ளாஷ் ஆகி, அதாவது அழுத்தம் குறைந்ததும் தானே ஆவியாகி, மேலே போகிறது. இது விறகுக் காசு! அந்த ஆவியைப் பிடித்துப் பயன்படுத்தும் ஃப்ளாஷ் வெசல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், முதலாளி பார்க்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

ஸ்டீம் ஈரமாக, அதாவது தண்ணீர்த் துளிகளோடு, வருகிறது என்று மெஷின்காரர்கள் புகார். ஹெடரிலிருந்து கொஞ்சம் ஸ்டீமைச் சிறு வால்வு வழியாக, வெப்பம் போகாமல் காப்பிட்ட குழாயில் விட்டு, காற்றழுத்தத்துக்கு வந்த இடத்தில் தெர்மாமீட்டர் வைத்தோம். 115 டிகிரி. வால்வில் நெரியும்போது என்தால்பி மாறாது. கணக்கு முழுக்க அதை நம்பித்தான்.

கொதிநிலைக்கு மேலே சூடான ஸ்டீமுக்கான சூப்பர்ஹீட் டேபிளில் 1 பாருக்கு 115 கிடையாது. என்தால்பி 100-க்கு 2675.8, 150-க்கு 2776.6. இடைப்பட்டதைப் பங்கிட்டால் சுமார் 2706. வால்வுக்கு முன்னால் 8 பாரிலும் இதே என்தால்பிதான். அதில் தண்ணீரின் 721 போக 1985. முழுக்க ஆவியாக்கத் தேவையான 2047-ஆல் வகுத்தால் 0.97. அதாவது நூறு கிலோவில் மூன்று கிலோ தண்ணீர்.

ஈரம் ஐந்து சதவீதத்தைத் தொட்டாலே இந்த முறை உதவாது. வெளியே வந்தும் ஸ்டீம் காயாமல் தெர்மாமீட்டர் 100-லேயே நிற்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டத்தை உயர்த்தியே வைத்து ஓட்டுவதால் தண்ணீர் ஸ்டீமோடு சேர்ந்து வருகிறதோ என்று சந்தேகம். நாளை நைட் ஷிஃப்ட் லாக் புக்கைப் பார்க்க வேண்டும். ஹெடர் அடியில் இருக்கும் ட்ராப்பைக் கழற்றிப் பார்க்கும் வேலை பையனுக்கு.