குரல் மட்டும் காணாமல் போன ஹெட்போன்

மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு, கலியாண வீட்டு வீடியோ ஒன்றுக்குப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுத் தொடங்கியது, வயலின் வந்தது, தபேலா வந்தது, பாடகியின் குரல் மட்டும் வரவில்லை. யாரோ கிணற்றுக்குள் நின்று பாடுவது போல ஓர் எதிரொலிதான் கேட்டது. கோப்புப் பழுது என்று நினைத்து மறுபடியும் தரவிறக்கினேன். அதே கதை. வேறு பாட்டுப் போட்டேன், அதிலும் குரல் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு லாப்டொப் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் சுத்தமாக இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டில் இருந்தபடி கலியாண வீடியோக்களும் கோயில் திருவிழாப் பதிவுகளும் எடிட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். பார்ப்பவர்களில் பாதிப் பேர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். படத்தில் சின்னப் பிசகு வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் கரகரத்தால் பொறுக்க மாட்டார்கள். ஆகவே ஹெட்போன் எனக்குக் கை கால் மாதிரி. இது 2016இல் கனடாவில் இருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்து தந்தது. காதை முழுக்க மூடும் பெரிய வகை, வயர் இடப்பக்கம் மட்டும் வரும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு, அதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்குவது என் கணக்கில் இல்லாத காரியமாகிவிட்டது.

ரவுணில் ஒரு கடையில் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள போயிட்டுது, புதுசு வாங்குங்கோ" என்று திருப்பித் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கோண்டாவிலில் இருக்கும் மாமாவிடம் போனேன்.

மாமா ஒரு காலத்தில் ரேடியோ திருத்தியவர். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. அந்த நாட்களில் ஒரு துண்டு வயரைக்கூட எறியாத பழக்கம் மாமாவுக்கு இன்னும் போகவில்லை. வெட்டுகிற குறட்டை நான் கையில் எடுத்ததைக் கண்டதும் தடுத்தார்.

"உதை வை. வெட்டுறது பிறகு. முதல்ல அளந்து பார். அளக்காமல் வெட்டினால் நல்ல வயரைத்தான் வெட்டுவாய்."

வயரின் முனையில், லாப்டொப்பில் செருகுகிற ஜாக்கில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. என் ஹெட்போனில் ஒவ்வொரு காதின் மின்தடையும் 64 ஓம் இருக்க வேண்டும். மின்தடை அளக்கும் மீற்றரை நுனியிலும் அடியிலும் வைத்தோம்: எதுவும் காட்டவில்லை. வளையத்திலும் அடியிலும் வைத்தோம்: அதுவும் இல்லை. இரண்டு காதும் செத்துவிட்டன என்று எனக்கு நெஞ்சு பக்கென்றது. மாமா பேசாமல் மீற்றரின் கம்பிகளை நுனியிலும் வளையத்திலும் வைத்தார். 129 என்று காட்டியது.

"பார், இரண்டும் உயிரோட இருக்கு. பொது வயர்தான் அறுந்திருக்கு."

பாடகி காணாமல் போன மர்மமும் அதோடு விளங்கியது. பொது வயர் அறுந்தால் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாமல் இடது காது வழியாகப் புகுந்து வலது காது வழியாக வெளியேறும். அப்போது இடது பக்கச் சத்தத்துக்கும் வலது பக்கச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். பாட்டுப் பதிவுகளில் குரலை இரண்டு பக்கமும் ஒரே அளவில், நடுவில் வைப்பார்கள். ஒரே அளவை ஒரே அளவில் இருந்து கழித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. குரல் போய்விடும், ஓரங்களில் இருக்கும் வாத்தியமும் எதிரொலியும் தங்கும். உங்கள் ஹெட்போனில் திடீரென்று குரல் மட்டும் மறைந்தால் எறிந்துவிடாதீர்கள். அனேகமாக அது ஒரேயொரு அறுந்த வயர்.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க மீற்றரை வைத்தபடி வயரை விரற்கடை விரற்கடையாக வளைத்துக்கொண்டு வந்தோம். ஜாக்கில் இருந்து இரண்டு விரல் தள்ளி வளைத்தபோது 65 என்று வந்து மறைந்தது. நான் லாப்டொப்பை மடியில் வைத்து வேலை செய்யும்போது வயர் தினமும் மடங்குகிற இடம் அதுதான்.

நான்கு சென்ரிமீற்றர் வெட்டி எறிந்துவிட்டு, உலோக மூடி போட்ட புது ஜாக் ஒன்று வாங்கினேன். பற்றவைக்கத் தொடங்கியபோதுதான் உண்மையான வேலை வந்தது. ஹெட்போன் வயர் மற்ற வயர் மாதிரி இல்லை. தலைமயிர் மாதிரி மெல்லிய செப்புக் கம்பிகள், சிவப்பு, பச்சை, செம்பு என்று மூன்று கூட்டம். ஒவ்வொரு கம்பியின் மேலும் மெல்லிய அரக்குப் பூச்சு. நடுவில் பலத்துக்காக நைலோன் நூல். ஈயம் தொட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடுகிறது, ஒட்டுவதில்லை. இணையத்தில் பலர் நெருப்புக்குச்சியால் எரிக்கச் சொல்கிறார்கள். ஒரு துண்டில் செய்து பார்த்தேன். கம்பி கறுத்து முறிந்தது.

மாமா சொன்ன வழி வேறு. முதலில் நைலோன் நூலைப் பிரித்து வெட்ட வேண்டும். பிறகு சோல்டரிங் அயனின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருண்டையாக நிறுத்தி, கம்பியின் முனையை ரொசின் என்கிற பிசினில் தோய்த்து அந்த உருண்டைக்குள் நுழைக்க வேண்டும். பற்றவைக்கிற ஈயக் கலவை 183 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். அரக்கு எரிய அதைவிட நல்ல சூடு வேண்டும், ஆகவே அயனை முழுச் சூடு ஏற விட்டு இரண்டு மூன்று செக்கன் பொறுக்க வேண்டும். மெல்லிய புகை கிளம்பும், அப்புறம் செம்பு நிறம் ஒரு நொடியில் வெள்ளியாக மாறும். அந்த நிறம் மாறுகிற நொடியைக் கண்ணால் பார்த்தால்தான் பிடித்திருக்கிறது என்று நம்பலாம். ரொசின் எங்களிடம் இல்லை. மாமாவின் மகள் வயலின் படிப்பவள், வில்லுக்குப் பூசும் கட்டியில் ஒரு சின்னத் துண்டு உடைத்துத் தந்தாள். அதுவும் பைன் மரப் பிசின்தான், அருமையாக வேலை செய்தது. தகர வேலைக்குப் பாவிக்கும் அசிற் பேஸ்டை மட்டும் கிட்டவும் எடுக்காதீர்கள். சில மாதங்களில் கம்பியை அரித்துவிடும்.

முதல் தடவை மூன்று வயரும் ஒட்டிய பிறகுதான் ஜாக்கின் மூடியை வயரில் கோர்க்க மறந்தது தெரிந்தது. எல்லாவற்றையும் கழற்றி, மூடியைக் கோர்த்து, மறுபடியும் ஒட்டினேன். மீற்றர் இடது 65, வலது 64 என்றது. மீற்றரின் கம்பி படும்போதெல்லாம் காதில் சின்னதாக ஒரு கிறீச். குரல் திரும்பி வந்துவிட்டது.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் திருத்திய சந்தோஷத்தில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய தவில் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். ஹெட்போனைச் சோதிக்கத் தவிலைப் போல இன்னொன்று இல்லை. தவிலின் ஒரு முகமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும்போது கூர்மையான சத்தம், மறு முகமான தொப்பியில் கழி விழும்போது ஆழமான சத்தம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே கேட்க வேண்டும். என் ஹெட்போனில் தொப்பி விழும் போதெல்லாம் இடது காதில் "ஸ்ர்ர்" என்று ஓர் இழுவை வந்தது. வலது பக்கத்தில் இல்லை.

குஷனைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சத்தம் எழுப்புகிற டிரைவரின் முன்னால் ஒரு துளைத் தகடு, அதற்குப் பின்னால் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சவ்வு. துளை ஒன்றின் வழியே ஒரு தலைமயிர் உள்ளே போய், அதன் நுனி சவ்வைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓர் அங்குலம் கூட வராது. சவ்வு அதிரும்போதெல்லாம் இந்த மயிரும் சேர்ந்து துடிக்கிறது, அதுதான் அந்த இழுவை. இரும்பு இடுக்கியை எடுக்கப் போனேன், நல்ல காலம், மாமா கையைப் பிடித்தார். டிரைவருக்குள் பலமான காந்தம் இருக்கிறது. இரும்பைக் கிட்டக் கொண்டுபோனால் கையில் இருந்து பறித்து இழுத்துச் சவ்வைக் குத்திவிடும். ஒட்டு ரேப்பைச் சின்னதாகச் சுருட்டி மயிரின் வெளி முனையில் ஒட்டி மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது. வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

குஷன்கள் எப்போதோ போயிருந்தன. கறுப்புத் தோல் உரிந்து, வேலை முடிந்து கழற்றினால் காதெல்லாம் கரித்தூள் மாதிரி ஒட்டியிருக்கும். அந்தச் செயற்கைத் தோல் காற்றின் ஈரத்தால் சிதைவது. எங்கள் ஊர் மாரிக்கும் வெக்கைக்கும் வியர்வைக்கும் எத்தனை வருடம் தாங்கும்? இணையத்தில் முதலில் வாங்கியது வெல்வெட் துணிக் குஷன், குளிர்ச்சியாக இருக்கும் என்று. போட்டுக் கேட்டால் தொப்பிச் சத்தமே இல்லை! மூடிய ஹெட்போனில் காதுக்கும் டிரைவருக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்றுத்தான் ஆழ்ந்த சத்தத்தைத் தாங்கி நிற்பது. துணி வழியே அந்தக் காற்றுக் கசிந்தால் அடிச்சத்தமும் அதோடு போய்விடும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் காம்பு குஷனைத் தூக்குவதாலேயே இது நடக்கும். மறுபடி காசு செலவழித்துத் தோல் குஷன் வாங்கினேன். விளிம்பு இறுக்கமாக இருந்ததால் மதில் மேல் பத்து நிமிடம் வெயிலில் வைத்தேன், இளகி லேசாக ஏறியது. இவ்வளவு காலம் நான் கேட்டுக்கொண்டிருந்தது பாதிச் சத்தம்தான் என்று அன்றுதான் தெரிந்தது. வேறு எந்த வேலையும் செய்ய வசதியில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

மாமா போட்டுக் கேட்டுவிட்டு, "தொப்பி உருளுது தம்பி, வெறும் டின்னுக்குள்ள அடிக்கிற மாதிரி" என்றார். சரிதான். காதை மூடுகிற கப்பின் பின்புறம் வெறும் பிளாஸ்ரிக். டிரைவரின் பின்பக்கச் சத்தம் அதில் மோதித் திரும்பி வருகிறது. அதைக் குடிக்க ஏதாவது உள்ளே வைக்க வேண்டும். பாமசியில் வாங்கிய பருத்திப் பஞ்சை இறுக்கி அடைத்தேன், சத்தம் செத்துப்போனது. அடுத்து அம்மம்மாவின் தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சு எடுத்தேன். அதன் இழைகள் உள்ளே வெறுமையாக இருக்கும், தண்ணீரையும் லேசில் பிடிக்காது. மாரிக்கு இதைவிடத் தோதானது வேறென்ன இருக்கிறது?

இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக நின்றேன். கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்யும் சிநேகிதனிடம் பஞ்சைக் கொண்டுபோனேன். பவுண் நிறுக்கிற தராசில் பக்கத்துக்கு அரைக் கிராம் நிறுத்துத் தந்தான். இழை டிரைவருக்குள் போகாதபடி ஒவ்வொன்றையும் மெல்லிய காயத்துணியில் பொதிந்து கப்பின் பின்சுவரில் ஒட்டினேன். முதலில் இடப்பக்கம் மட்டும். ஒரே சத்தத்தை இரண்டு காதுக்கும் அனுப்பி, மாற்றிய பக்கத்தையும் மாற்றாத பக்கத்தையும் மாறி மாறிக் கேட்டேன். நேற்றுக் கேட்டதை நினைவில் வைத்து இன்று ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை. காது நேற்றையதை அவ்வளவு சரியாக வைத்திருக்காது. இடப்பக்கத் தொப்பி அடித்த இடத்திலேயே நின்றது, வலப்பக்கத்தில் உருண்டு போனது. சந்தேகமே இல்லை. வலது பக்கத்துக்கும் வைத்தேன்.

டிரைவரின் பின்புறக் காற்றுத் துளைகளில் காயத்துக்கு ஒட்டும் காகித ரேப்பை ஒட்டியும் பார்த்தேன். அடிச்சத்தம் இன்னும் இறுகியது, ஆனால் நாதஸ்வரம் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு துண்டைக் கழற்றி ஒன்றை மட்டும் விட்டேன். மேல் ஸ்தாயியில் மிச்சம் இருந்த கூர்மையை மென்மையாக்க டிரைவரின் முன்னால் மெல்லிய ரிசுக் கடதாசி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, கூர்மையோடு தெளிவும் போகிறது. அந்த வேலையைக் கணினியில் ஈக்குவலைசரில் இரண்டு டெசிபெல் குறைத்துச் செய்கிறேன்.

கடைசியில் குரல் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க அதே கலியாண வீடியோவைத் திறந்தேன். பாடகி இரண்டு கண்ணுக்கும் நேர் நடுவே நின்று பாடினாள். மாமாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார், பிறகு தவிலைப் போடச் சொன்னார், அதையும் கடைசி வரை கேட்டார்.

"இப்ப சரி" என்றார்.

இடப்பக்க மூடியின் நான்கு ஸ்குருவில் ஒன்றின் புரி, திரும்பத் திரும்பக் கழற்றியதில் தேய்ந்துவிட்டது. இப்போதைக்கு மூடி மூன்றில் நிற்கிறது. அந்த அளவு ஸ்குரு மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும் என்று மாமா சொல்கிறார். நாளைக்கு ரவுணுக்குப் போகும்போது பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.