உப்புக்காற்றும் ஃபாக் லைட் வயரும்

நேற்று ராத்திரி பாம்பன் பாலம் ஏறும்போது, வண்டியில் தனியாக மாட்டியிருந்த ஃபாக் லைட் (பனிமூட்ட விளக்கு) இரண்டும் சட்டென்று அணைந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால், வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு, விரல் பட்டதும் செம்புக் கம்பி பொடியாக உதிர்கிறது. மாட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை! நம்ம கடற்கரையில் உப்புக்காற்று டேப்புக்குள் புகுந்து செம்பை அரித்துவிடும், அரித்த இடம் சூடாகும், 55 வாட் பல்பு ஒன்றே 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை மெக்கானிக் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், அழுத்தமான கிரிம்ப் (வயர் முனைகளை உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கி இணைப்பது), அதன்மேல் உள்ளே பசை உள்ள, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டியதும் இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் தண்ணீர் போகாது. அப்புறம் ரிலே (லைட்டின் முழுக் கரண்டும் கை சுவிட்ச் வழியாகப் போகாமல் தானே தாங்கும் மின் சுவிட்ச்), பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். தனுஷ்கோடி பக்கம் ஓட்டுகிற தம்பிகளே, டேப் மட்டும் சுற்றித் தந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.